குடிக்கூலியும் மனச்சான்றும்

புனித பவுல் உரோமை நகருக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டபின், ஈராண்டுக் காலம் வாடகை வீடொன்றில் தங்கி, தம்மைக் காண வந்தோர்க்கெல்லாம் இறையாட்சியைப் பற்றி எடுத்துரைத்தார் என்ற செய்தியோடு திருத்தூதர் பணிகள் நூல் நிறைவு பெறுகிறது. அவரைக் காவல் காத்த படைவீரரைப் பற்றிக்கூட அந்நூலில் ஒரு குறிப்பு உண்டு. ஆனால் அவ்வீட்டின் உரிமையாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழக்கு முடிவுறாத ஒரு கைதிக்கு, வேற்று நாட்டிலிருந்து வந்தவருக்கு, யாரோ ஒருவர் வீடு கொடுத்தார். இலவசமாக அன்று, வாடகை பெற்றுக்கொண்டே கொடுத்தார். எனினும் நற்செய்தி பேரரசின் தலைநகரில் பரவிய வரலாற்றில் அந்தப் பெயர் தெரியாத வீட்டுக்காரருக்கும் ஒரு சிறு பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம்.

இன்று நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வாடகைக்கு வீடு விடும் எண்ணம் எழுவதைக் காண்கிறோம். முப்பது ஆண்டுகள் பள்ளியிலோ மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ பணியாற்றியவர் ஓய்வு பெறுகிறார். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கைக்கு வருகின்றன. "வங்கியில் போட்டால் என்ன கிடைக்கும்? மனை இருக்கிறது, மேலே ஒரு மாடி எழுப்பி இரண்டு குடித்தனம் வைத்தால் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லையே" என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்கின்றனர். எங்கே வாங்குவது, எவ்வளவு வாடகை வரும், எந்த வங்கி கடன் தரும் என்ற கேள்விகளுக்கு விடை கூற ஆள்கள் பலர் உள்ளனர். இதில் நீதி எது என்ற கேள்வியைக் கேட்பவர் சிலரே. கேட்போரும் கட்டி முடித்த பிறகே கேட்கின்றனர். கடைக்கால் தோண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி அது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கூலி பெறுவது முறையா?

முதலில் எழும் ஐயம் இது: உழைக்காமல் பெறும் வருமானம் நேர்மையானதா? கடனுக்கு வட்டி வாங்குவதைத் திருச்சபை நெடுங்காலம் கண்டித்து வந்தது. 1745இல்கூடத் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில் அக்கண்டனத்தை வலியுறுத்தினார். அப்படியிருக்க, வீட்டு வாடகையை மட்டும் திருச்சபை ஏன் கண்டிக்கவில்லை?

இதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் தெளிவான விளக்கம் தந்துள்ளார். நெல்லையோ திராட்சை இரசத்தையோ பயன்படுத்துவது என்றால் அதைத் தீர்த்துவிடுவது என்றே பொருள். உண்ட நெல் மீண்டும் குதிருக்கு வராது. ஆகவே நெல்லுக்கு ஒரு விலை, அதை உண்பதற்கு மற்றொரு விலை என்று கேட்பது ஒன்றையே இருமுறை விற்பதாகும். பணத்தையும் அவர் இவ்வகையிலேயே சேர்த்தார். வீடு அப்படிப்பட்டதன்று. ஒருவர் குடியிருந்து சென்ற பின்னும் வீடு இருக்கிறது. உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பயனை மட்டும் பிறருக்கு அளிக்க முடியும். ஆகவே அந்தப் பயனுக்கு ஈடு பெறுவது நீதிக்கு முரணன்று. நம் முன்னோர் வாடகையைக் 'குடிக்கூலி' என்றனர். கூலி என்பது ஒரு பணிக்கு ஈடாகத் தரப்படுவது. வெயிலையும் மழையையும் தாங்கித் தேயும் வீட்டுக்கும், அதைப் பேணுபவருக்கும் கூலி உண்டு.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலும் இங்கு நமக்குத் துணை நிற்கிறது. சிக்கனமாக வாழ்ந்து சேமித்த ஊதியத்தைக் கொண்டு தொழிலாளி ஒருவர் நிலம் வாங்கினால், அந்நிலம் வேறு உருவில் உள்ள அவருடைய ஊதியமே என்று அவர் கற்பித்தார். ஓய்வு பெற்ற ஆசிரியையின் மாடிவீடும் அத்தகையதே. அதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் நம் கற்பித்தல் அத்துடன் முடிந்துவிடவில்லை. உலகின் பொருள்கள் அனைத்தும் மாந்தர் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நினைவுறுத்தியது. தனியுடைமையின்மீது ஒரு சமூக அடமானம் உள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987ஆம் ஆண்டின் சமூகச் சுற்றுமடலில் எழுதினார். அடமானம் என்றால் என்னவென்று நம் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. பத்திரம் நம் பெயரில் இருக்கும்; வீட்டை நாம் ஆளலாம்; ஆயினும் அதன்மீது மற்றொருவருக்கும் உரிமை உண்டு என்பதை மறந்து ஆள முடியாது. இங்கே அந்த மற்றொருவர் கூரையில்லாத மனிதர்.

இந்த நோக்கில், வீட்டை வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே பெரிய கேள்விக்குரியது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 இலட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. மறு ஆண்டே மைய அரசு அமைத்த வல்லுநர் குழு, நகரங்களில் 1 கோடியே 87 இலட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அப்பற்றாக்குறையின் பெரும்பகுதி ஏழை மக்களைச் சார்ந்தது. விலை ஏறட்டும் என்று காத்துக்கிடக்கும் வீடு எவருக்கும் பணி செய்வதில்லை. நியாயமான வாடகைக்கு விடப்பட்ட வீடு இருவருக்குப் பணி செய்கிறது.

நாம் விற்பது எது?

இனி இரண்டாவது கேள்வி. எவ்வளவு வாங்கலாம்? "ஊரில் என்ன வாடகையோ அதுதான் நம் வாடகை" என்பது பொதுவான விடை. இதில் உண்மை இல்லாமலில்லை. மக்களின் பொது மதிப்பீட்டால் அமையும் விலையைப் பழைய இறையியலாரும் பெரும்பாலும் நியாய விலையாகவே ஏற்றனர். வீட்டு வரி, பழுதுபார்ப்பு, ஆளில்லாத மாதங்களின் இழப்பு, உரிமையாளரின் பிழைப்பு ஆகிய அனைத்தும் வாடகையில் அடங்குவது முறையே.

ஆயினும் புனித தோமா ஒரு வரம்பை வகுத்தார். விற்பவருக்குத் தம் பொருளைப் பிரிவதால் தனி இழப்பு ஏற்படுமானால் அதற்கு ஈடாகக் கூடுதல் விலை கேட்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அது மிகுதியாகத் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக விலையை உயர்த்தலாகாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவருடையது; தமக்கு உரிமையில்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது. இக்கருத்தை வாடகைக்குப் பொருத்திப் பார்ப்போம். வீடு நம்முடையது, அதன் பயனுக்கு விலை கேட்கலாம். வீடு தேடி வருபவரின் நெருக்கடி நம்முடையதன்று. அதற்கு விலை கேட்க நமக்கு உரிமை இல்லை.

எடுத்துக்காட்டுகளுக்கு நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைக்கு அருகில், நோயாளியோடு வந்து நிற்கும் குடும்பத்தாரிடம் இரண்டு மடங்கு கேட்கிறோம். வடமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு அறையை விடாமல் தலைக்கு இவ்வளவு என்று விடுகிறோம். நால்வர் படுக்கும் அறையில் பத்துப் பேரை அடைக்கிறோம். சாதியின் பெயரால் பத்துத் தெருக்களில் மறுக்கப்பட்டு வரும் குடும்பம் பதினோராவது தெருவில் எதைக் கேட்டாலும் கொடுக்கும் என்று அறிந்து கேட்கிறோம். அங்கே கூடுதலாக வாங்கும் இரண்டாயிரம் ரூபாய் வீட்டின் பயனுக்கான விலையன்று. அது பத்துத் தெருக்கள் செய்த அவமதிப்பின் விலை. அதை அவமதித்தவரிடமிருந்து வாங்காமல் அவமதிக்கப்பட்டவரிடமிருந்து வாங்குகிறோம். ஊர் வாடகை அதுதான் என்று சொல்லி இதிலிருந்து தப்ப இயலாது.

கடைக்கால் தோண்டுமுன்

இத்தகைய அநீதிகளைச் செய்பவர் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். நெருக்கடியில் இருப்பவரே பிறர் நெருக்கடியைப் பிழிகிறார். ஆகவேதான் தொடக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனையும் கட்டடமுமாக 40 இலட்சம் ரூபாய் செலவில் இரண்டு குடித்தனங்கள் அமைக்கப்படுகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் மாதம் 7,500 ரூபாய் வாடகைக்குப் போனால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கிடைக்கும். வரி, பழுதுபார்ப்பு, ஓரிரு மாதங்கள் காலியாகக் கிடப்பது ஆகியவற்றைக் கழித்தால் 1,50,000 ரூபாய் எஞ்சலாம். போட்ட பணத்தில் அது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு கட்டியவருக்கு இது போதும். அவருக்கு மாதந்தோறும் ஒரு வருமானமும், பிள்ளைகளுக்கு ஒரு சொத்தும் கிடைக்கும். ஆனால் இதே வீட்டுக்கு 25 இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 25,000 ரூபாய். வாடகையோ 15,000 ரூபாய். குறையும் 10,000 ரூபாய் எங்கிருந்து வரும்?

மகனின் சம்பளத்திலிருந்து வருமென்றால் நன்று. வரவில்லையென்றால் அது குடியிருப்பவரிடமிருந்துதான் வர வேண்டும். வாடகையை ஆண்டுதோறும் உயர்த்துவதன்மூலம் வரும். ஒழுகும் கூரையைப் பார்க்காமல் விடுவதன்மூலம் வரும். மின்கட்டணத்தைக் கூடுதலாகக் கணக்கிடுவதன்மூலம் வரும். வெளியேறுபவருக்கு முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதன்மூலம் வரும். வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே, யாரென்றே அறியாத ஒரு குடும்பத்தின்மீது நாம் ஒரு சுமையை ஏற்றிவிட்டோம். அவர்கள் வந்து பால் காய்ச்சுமுன்பே அநீதி அவ்வீட்டில் குடியேறிவிட்டது.

இதே வீட்டுக்குப் பத்து இலட்சம் மட்டும் கடன் பெற்றவரின் நிலை வேறு. அவருடைய தவணை ஏறத்தாழ 10,000 ரூபாய். ஒரு குடித்தனம் காலியானாலும் 2,500 ரூபாய்தான் குறையும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். வேலையிழந்து வரும் குடியிருப்பாளரிடம் "அடுத்த மாதம் தாருங்கள்" என்று சொல்ல அவரால் முடியும். இரக்கத்துக்கும் கணக்கில் சிறிது இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காதவரால், உள்ளம் இளகினாலும், இரங்க முடிவதில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவாரென்று ஆண்டவர் கூறிய உவமையை நாம் இப்பொருளிலும் சிந்திக்கலாம்.

வருவாயைத் தொடக்கத்திலேயே வரம்புக்குள் நிறுத்திக்கொண்டு வெற்றி கண்டவர்களும் உண்டு. காந்தியடிகளின் வாழ்வைத் திசை திருப்பிய நூலை எழுதியவர் ஜான் ரஸ்கின். திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையிலிருந்தே அவர் அந்நூலுக்குத் தலைப்பை எடுத்தார். 1865இல் இலண்டனின் மேரிலபோன் பகுதியில் ஏழைகள் நெருக்கமாய் வாழ்ந்த மூன்று வீடுகளை அவர் பணம் கொடுத்துப் பெற்று, ஆக்டேவியா ஹில் என்ற இளம்பெண்ணின் பொறுப்பில் விட்டார். ரஸ்கின் தம் முதலுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் கேட்டார். பிறரும் இவ்வழியில் பணம் போட முன்வர வேண்டுமானால் இது வெறும் தருமமாக இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வந்தது வீடுகளுக்கே செலவிடப்பட்டது. பழுதுபார்ப்புக்கென ஒதுக்கிய தொகையில் மீதமானால், எந்த வசதியைச் செய்வது என்று குடியிருப்போரே தெரிவு செய்தனர். ஹில் அம்மையார் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை பெற்றார். நிலுவை வைப்பதை அவர் ஏற்கவில்லை. கண்டிப்பானவர் என்றே பெயர் பெற்றார். எனினும் வேலையில்லாத நாள்களில் குடியிருப்போருக்கு அவ்வீடுகளிலேயே வேலை கொடுத்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கண்டிப்பும் அக்கறையும் ஒரே கணக்கேட்டில் இடம்பெற முடியும் என்று காட்டியவர்.

வாசற்படிக்கு அப்பால்

வாடகைக்கு விட்ட வீடு யாருடைய வீடு? பத்திரப்படி நம்முடையது, வாழ்வின்படி அவர்களுடையது. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு நுட்பமான விதி உள்ளது. கடன் கொடுத்தவர் அடகுப்பொருளைப் பெறக் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவரே அதை எடுத்துவந்து கொடுப்பார். ஏழையின் வாசற்படிக்குக்கூட ஒரு மாண்பு உண்டு என்பதே இதன் பொருள். நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? உறவினர் எத்தனை பேர் வந்தனர், இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தனர், குழாயை எத்தனை முறை திறந்தனர் என்று கணக்கெடுக்கிறோம். நாள் முழுவதும் ஆள்கள் வந்து போன பவுலின் வாடகை வீட்டை நம்முள் எத்தனை பேர் பொறுத்துக்கொண்டிருப்போம்?

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இவ்வகையில் சில நெறிகளை வகுத்துள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது. உரிமையாளர் வீட்டினுள் வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். சச்சரவு எதுவாயினும் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கலாகாது. "வேறு உடன்பாடு" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்றும் சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்போர் உண்டு. சட்டம் அனுமதிக்கும் அனைத்தையும் மனச்சான்று அனுமதிப்பதில்லை. முன்பணம் நம் வருமானமன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பணம். அதைக் கட்டடத்தில் போட்டுவிட்டு, "அடுத்த ஆள் வந்து தந்தால்தான் உங்களுக்குத் தர முடியும்" என்று கைவிரிப்பது அடைக்கலப் பொருளைச் செலவழித்ததற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வருமான வரிச் சட்டம், வீட்டு வரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள இடம் தருகிறது. பழுதுபார்த்தல் முதலிய செலவுகளுக்கென அமைந்த கழிவு இது. உண்மையில் செலவிட்டோமா என்று அது கேட்பதில்லை. அரசு கேட்காத அந்தக் கேள்வியைக் கிறிஸ்தவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

யாருக்குக் கொடுப்போம்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுவே. "எங்கள் ஆள்களுக்கு மட்டும்" என்று பிறர் கதவடைக்கும்போது நாம் வருந்துகிறோம். கிறிஸ்தவர் என்பதாலும், புலால் உண்பவர் என்பதாலும் வீடு மறுக்கப்பட்டோர் நம் பங்குகளிலும் உண்டு. ஆனால் ஒரே திருப்பலியில் ஒரே அப்பத்தை உண்டு வெளியே வந்தபின், தலித் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று வீடு கேட்கும்போது நம் கத்தோலிக்க உரிமையாளரே "ஏற்கெனவே பேசிவிட்டோம்" என்று சொல்வதில்லையா? மறு வாரமும் அவ்வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குவதில்லையா? கணவரை இழந்தவர், தனியே வாழும் பெண், இசுலாமியர், உடல்நலம் குன்றியவர் ஆகியோருக்கும் அதே பதில்தான். யாருக்கு விடுவது என்பது தம் விருப்பம் என்று உரிமையாளர் கூறலாம். குடும்பத்தின் பாதுகாப்பு கருதி விசாரிப்பதும், வாடகை தரும் வசதி உள்ளவரா என்று பார்ப்பதும் முறையே. ஆனால் பிறப்பைக் காரணம் காட்டி மறுப்பவர், வீட்டோடு சேர்த்துத் தம் திருமுழுக்கையும் பூட்டி வைக்கிறார். இதில் சலுகை கொடுத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

குடியிருப்போருக்கும் கடமைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாடகையை நம்பி மருந்து வாங்கும் முதிய கைம்பெண்களை நாம் அறிவோம். அவர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைப்பதும், காலி செய்ய ஒப்புக்கொண்ட நாளில் காலி செய்ய மறுப்பதும், சுவரையும் குழாயையும் பாழாக்குவதும் களவுக்கு நிகரானவை. இத்தகைய அனுபவங்களுக்கு அஞ்சியே பலர் வீட்டைப் பூட்டி வைக்கின்றனர். ஒரு தவறான குடியிருப்பாளரின் செயல் பின்னால் வரும் பத்து நேர்மையான குடும்பங்களின் கதவையும் அடைத்துவிடுகிறது.

இந்த அளவுகோல் பொதுநிலையினருக்கு மட்டும் உரியதன்று. பங்குகளும் துறவற இல்லங்களும் கடைகளையும் வீடுகளையும் வாடகைக்கு விடுகின்றன. கோவில் கடையில் இருப்பவரிடம் நாம் எப்படி வாடகை பெறுகிறோம், அவருடைய கூரை ஒழுகும்போது எத்தனை நாளில் ஆள் அனுப்புகிறோம் என்பதைக் கண்டே மக்கள் மறையுரையின் எடையை அளப்பர்.

நிலையாமையைப் பாடிய திருவள்ளுவர், உடம்பில் உயிர் தங்கியிருப்பதைத் 'துச்சில்' இருத்தல் என்றார். பிறர் இடத்தில் சிலகாலம் ஒதுங்கியிருத்தல் என்பது அதன் பொருள். நிலம் ஆண்டவருடையது, இஸ்ரயேலர் அதில் அந்நியரும் தற்காலிகக் குடிகளுமே என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இவ்வுலகில் நாம் அனைவரும் குடியிருப்போரே. நம்முள் சிலரிடம் சில அறைகளின் சாவி சிறிது காலம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

ஆகவே வாடகைக்கு வீடு கட்ட எண்ணும் அன்பர்கள், பொறியாளரிடம் வரைபடம் கேட்குமுன் குடும்பமாய் அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கட்டும். ஒரு குடித்தனம் மூன்று மாதம் காலியாக இருந்தாலும் நம்மால் தாங்க முடியுமா? ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு ஒதுக்குவோம்? எவரும் வீடு தர மறுக்கும் ஒரு குடும்பம் முதல் ஆளாக வந்து நின்றால், ஊர் வாடகைக்கே அதைக் கொடுப்போமா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று எழுத முடியாவிட்டால், இன்னும் சிறிது காலம் செபித்துவிட்டுக் கட்டத் தொடங்கலாம். வீடு மந்திரிக்க அழைக்கும் நாளில் அந்தத் தாளையும் வீட்டுத் திருவுருவத்தின் அருகில் வைத்திருந்தால், எந்த வீட்டுக்கு ஆசி வழங்குகிறோம் என்று அறிந்தே நாம் தீர்த்தம் தெளிக்க முடியும்.